வெள்ளைக் குள்ளனின் காந்தமும் பாகீரதி அம்மையாரின் தீர்ப்பும்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர், ஜவுளி வணிகர், நம் கூடல் அறிவியல் மன்றத்தின் தலைவர் கருத்தக்கண்ணன் அவர்களே! எதையும் நல்ல எண்ணத்தோடு செய்து நம்மை நன்றாக மாட்டிவிடும் மன்றச் செயலாளர் பிச்சுமணி அவர்களே! எதிரணியில் உட்கார்ந்துகொண்டு ஆண்டுதோறும் என் தூக்கத்தைக் கெடுத்த பேராசிரியை சாதிகா அவர்களே! கூடப் பிறந்தவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மா ஸ்யாமளா அவர்களே! நாற்காலி கிடைத்தவர்களே! கிடைக்காமல் மாடிப்படியில் நிற்பவர்களே! கீழே மேலமாசி வீதியில் நின்றபடி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருப்பவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சுப்பராமனின் வணக்கம்.

பேராசிரியை பாகீரதி அம்மையார் இல்லை. சென்ற செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில் அவர் இதயம் நின்றுவிட்டது. அவர் உட்காரும் நடுவர் நாற்காலியில் மாலை போட்டு வைத்திருக்கிறீர்கள். மேசைமேல் அவருடைய மணியையும் வைத்திருக்கிறீர்கள். நான் இந்த மேடையில் பேசும்போதெல்லாம் ஒரு கண்ணை அந்த மணிமேல் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறேன். இன்றைக்கு எவ்வளவு நேரம் பேசினாலும் அதை அடிக்க ஆள் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இது பிடிக்கவில்லை.

பெருமக்களே! இவ்வளவு கூட்டம் எதற்காக வந்திருக்கிறது? அம்மையார்மேல் உள்ள அன்பினால். ஒப்புக்கொள்கிறேன். அன்பு மட்டும்தானா? சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் பாதி மண்டபம் தூக்கும்! சிரிக்காதீர்கள், எனக்குத் தெரியும். நம் பிச்சுமணி 'இரங்கல் கூட்டம்' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அதற்குக் கீழே தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'வெள்ளைக் குள்ளன் வழக்கின் இறுதித் தீர்ப்பை, மறைந்த நடுவர் சார்பில், பேராசிரியர் சுப்பராமன் அறிவிப்பார்.'

தீர்ப்பு அறிவிக்கப் போகிற எனக்கே அது இன்று காலையில் சுவரைப் பார்த்துத்தான் தெரியும். நேரே பிச்சுமணி வீட்டுக்குப் போனேன். "என்னய்யா இது?" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. "சார், அம்மாவுக்கு நாம செய்யுற மரியாத சார் இது. இத்தன வருசமா தீர்ப்புச் சொல்லாமயே போயிட்டாங்க. அத முடிச்சு வச்சாத்தான அவங்க மனசு ஆறும்? ஒங்கள விட்டா அதச் சொல்ல யாரு இருக்கா?" என்றார். இப்படிக் கேட்பவரை என்ன திட்டுவது? காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று முதல்முறையாக வந்திருப்பவர்களுக்காக வழக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம், எரிபொருள் தீர்ந்த பிறகு, மேலே போர்த்தியிருக்கும் வாயுவை எல்லாம் உதறிவிட்டுச் சுருங்கிப்போகிறது. சூரியனளவு எடை, பூமியளவு உருவம். அதிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவு எடுத்தால் இரண்டு லாரிச் சுமை! அதற்குத்தான் வெள்ளைக் குள்ளன் என்று பெயர். எழுபதாம் ஆண்டில், அப்படி ஒரு வெள்ளைக் குள்ளனிலிருந்து வரும் ஒளி திருகிக்கொண்டு வருவதைக் கண்டார்கள். கடுமையான காந்தம் இருந்தால்தான் ஒளி அப்படித் திருகும். எவ்வளவு காந்தம்? நம் திசைகாட்டியைத் திருப்புகிறதே பூமியின் காந்தம், அதைப்போலப் பல கோடி மடங்கு! எல்லா வெள்ளைக் குள்ளனுக்கும் அது கிடையாது. நூற்றில் ஏதோ சிலவற்றுக்குத்தான் உண்டு.

அந்தச் சிலவற்றுக்கு மட்டும் காந்தம் எங்கிருந்து வந்தது? இதுதான் வழக்கு!

வேறு ஊராக இருந்தால் இதைக் கருத்தரங்கு வைத்துப் பேசி, தேநீர் குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். இது மதுரை. நமக்கு எது கிடைத்தாலும் பட்டிமன்றம்தான்! எழுபத்தேழில், சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறு சனிக்கிழமை, இதே மண்டபத்தில் முதல் பட்டிமன்றம். தலைப்பு: 'வெள்ளைக் குள்ளனின் காந்தம் பிறவியிலேயே வந்ததா, இடையில் வந்ததா?' பிறவிக் காந்தம் என்ற அணிக்கு நான். இடையில் வந்த காந்தம் என்ற அணிக்குச் சாதிகா. அப்போது அவர் கல்லூரி வேலையில் சேர்ந்த புதிது, அம்மையாரின் மாணவி. நடுவர், இயற்பியல் பேராசிரியை பாகீரதி அம்மையார்.

என் வாதம் என்ன? நான் சுங்குடிக்காரத் தெருவில் பிறந்தவன். எங்கள் தெருவில் சாயப் புள்ளிக்காகத் துணியில் முடிச்சுப் போடத் தெரியாத கை கிடையாது. என் மனைவி விஜயத்தின் சுங்குடிச் சேலை ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்தேன். அவளிடம் சொல்லிவிட்டா எடுத்தேன்? அது வேறு வழக்கு! சேலையை விரித்துப் பிடித்தேன். "புள்ளிகளைப் பாருங்கள், எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன!" என்றேன். பிறகு மெல்லச் சுருக்கிச் சுருக்கி என் கைப்பிடிக்குள் கொண்டுவந்தேன். "இப்போது பாருங்கள்! புள்ளி கூடியதா? கூடவில்லை. துணி சுருங்கியது, புள்ளி நெருங்கியது. நட்சத்திரத்தின் காந்தக் கோடுகளும் இப்படித்தான். நட்சத்திரம் நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் அதன் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். காந்தம் பத்தாயிரம் மடங்கு ஏறும். பிறக்கும்போதே கொஞ்சம் வலுவான காந்தத்தோடு பிறந்த நட்சத்திரங்கள் இருக்கின்றன. எத்தனை? அதுவும் நூற்றில் சிலதான்! கணக்கு அப்படியே பொருந்துகிறது!" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் கீழே வீதி வரைக்கும் கேட்டது. நான் சொல்லவில்லை, கருத்தக்கண்ணன் அவர்களே சொல்லியிருக்கிறார்.

அடுத்து எழுந்தார் சாதிகா. கையில் ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "சார், நம்ம ஊர்ல நூத்துல நாலு பேரு மூக்குக்கண்ணாடி போட்ருக்காங்க. நூத்துல நாலு வீட்டுல தென்னமரம் இருக்கு. அப்பத் தென்னமரம் வச்சவங்கதான் கண்ணாடி போடுறாங்கன்னு சொல்லிருவீங்களா?"

எனக்கு விழுந்த கைதட்டலெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது! சாதிகா விடவில்லை. நட்சத்திரம் முதுமையடையும்போது அதன் உள்ளே சூடான பொருள் கொதித்துப் புரள்கிறது, சுழல்கிறது. மின்சாரம் கடத்தும் பொருள் அப்படிப் புரண்டு சுழன்றால், சைக்கிள் டைனமோ போல, காந்தம் அங்கேயே புதிதாகப் பிறக்கலாம் என்றார். காந்தமுள்ள சில வெள்ளைக் குள்ளர்கள் இன்னொரு நட்சத்திரத்தை ஒட்டிக் குடித்தனம் நடத்துவதை இப்போதுதான் கண்டிருக்கிறார்கள், அந்தச் சேர்க்கையில் ஏதும் நடந்திருக்கக்கூடாதா என்றும் கேட்டார். ஊகம்தான். ஆனால் பேச்சு நன்றாக இருந்தது. எதிராளி நன்றாகப் பேசினால் அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது.

பிறகு நடுவர் எழுந்தார். இரண்டு பக்கத்தையும் தொகுத்தார். எப்படித் தொகுத்தார் தெரியுமா? என் வாதத்தை என்னைவிட நன்றாகச் சொன்னார்! சாதிகாவின் வாதத்தைச் சாதிகாவைவிட நன்றாகச் சொன்னார்! சொல்லிவிட்டு இரண்டு பேரையும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார். என்னிடம், "நட்சத்திரம் சுருங்குறதுக்கு முன்னால மேல்துணியப் பாதிக்குமேல கிழிச்சு வெளிய எறிஞ்சிருதே சார், அதோட எத்தன புள்ளி போச்சு, எத்தன புள்ளி மிச்சம்?" என்றார். சாதிகாவிடம், "ஒங்க டைனமோ அம்புட்டு பெரிய காந்தத்தக் குடுக்கும்னு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமாம்மா?" என்றார்.

"சாட்சி பத்தாது. தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது" என்று சொல்லி மணியை அடித்துவிட்டார்!

மதுரைக்காரன் பொறுப்பானா? பட்டிமன்றத்துக்கு வந்துவிட்டுத் தீர்ப்புக் கேட்காமல் போவதா? பந்தியில் உட்கார வைத்து இலையை எடுத்தது போல ஆகிவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "என்னம்மா இது? இம்புட்டு நேரம் உக்காந்து கேட்ருக்கோம். வீட்டுல என்னாச்சுன்னு கேட்டா என்னத்தச் சொல்றது?" என்று சத்தம் போட்டார். அம்மையார் கோபப்படவில்லை. "தெரியலன்னு சொல்லுங்கண்ணே. மதுரைல மட்டுமில்ல, உலகத்துல யாருக்குமே இன்னும் தெரியலன்னு சொல்லுங்க. அதுல ஒண்ணும் அவமானம் இல்ல" என்றார். "அப்ப அடுத்த வருசம் வாரேன்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் உட்கார்ந்தார்.

வந்தார், பெருமக்களே! அவரும் வந்தார், இன்னும் பலரைக் கூட்டிக்கொண்டும் வந்தார். ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் கூடியது. ஒவ்வோர் ஆண்டும் அம்மையார் அந்த ஆண்டு புதிதாக வந்த சாட்சிகளை எடுத்துச் சொன்னார். எந்தத் தொலைநோக்கியில் என்ன கண்டார்கள், எந்த வெள்ளைக் குள்ளன் காந்தப் பட்டியலில் சேர்ந்தது, எது என் பக்கம் சாய்கிறது, எது சாதிகா பக்கம் சாய்கிறது, எல்லாம் நல்ல தமிழில். ஒவ்வோர் ஆண்டும் ஒத்திவைத்தார். கடைவீதியில் அவர் நடந்தால் பூக்காரர்கள் கேட்பார்கள்: "என்னம்மா, இந்த வருசமாச்சும் தீர்ப்பு உண்டா?" வெள்ளைக் குள்ளனைப் பற்றிப் பூக்கடையில் விசாரிக்கிற ஊர் இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? அதைச் செய்து காட்டியவர் யார்? பாகீரதி அம்மையார்! அவர் ஒருவர்தான்!

அவர் வெறும் பேச்சோடு விடுகிறவரா? நமக்கு மைக் செட் போடும் வெள்ளைத்துரை அதோ கம்பத்தின் பக்கத்தில் நிற்கிறார். அவரைக் கேளுங்கள். ஓர் ஆண்டு கூட்டத்தில் ஒருவர், "நட்சத்திரம் கொதிக்கிற கொதியில காந்தம் எப்படிம்மா நிக்கும்?" என்று கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. அம்மையார் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டு, "பழைய ஸ்பீக்கர்ல காந்தம் ஏதும் இருக்கா?" என்றார். அவரும் கழற்றிக் கொடுத்தார். அதில் ஆணிகளை ஒட்டிக் காட்டிவிட்டு, காந்தத்தைப் பம்ப் ஸ்டவ்வில் வைத்துச் சுட்டார். நன்றாகச் சூடேறியபின் இடுக்கியால் எடுத்து ஆணிகளிடம் கொண்டுபோனார். ஓர் ஆணிகூட ஒட்டவில்லை! "பாத்தீங்களா? சூட்டுல இந்தக் காந்தம் செத்துப்போச்சு. ஆனா நட்சத்திரத்துல இருக்குறது இந்தக் காந்தம் இல்ல" என்றார். ஒரு கம்பிச் சுருளில் பேட்டரியை இணைத்தார். பக்கத்தில் வைத்த திசைகாட்டி முள் திரும்பியது. "இதுல இரும்புக் காந்தம் எங்க இருக்கு? ஒண்ணும் இல்ல. மின்சாரம் ஓடுது, அவ்வளவுதான். நட்சத்திரத்துக்குள்ளயும் இப்படி மின்சாரம் ஓடுது. சூட்டுக்கு அது பயப்படாது" என்றார்.

மண்டபமே கைதட்டியது. வெள்ளைத்துரை மட்டும் மெல்ல மேடைக்கு வந்து கேட்டார்: "எல்லாஞ் சரிம்மா. சுட்டதுல என்னோட காந்தம் போச்சே, அது திரும்ப வருமா?" வரவில்லை. அதற்காக அவர் ஒரு நாளும் வாடகை கூட்டிக் கேட்டதில்லை. இன்றைக்கும் அவர் மைக்கில்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றுமுதல் அம்மையார் கூட்டத்துக்கு வந்தால், நல்ல ஸ்பீக்கர்களை எல்லாம் கைக்கெட்டாத உயரத்தில் கட்டுவார். இல்லையா வெள்ளைத்துரை? தலையை ஆட்டுகிறார்!

அம்மையார் மென்மையானவர் என்று நினைத்துவிடாதீர்கள். வெளியூரிலிருந்து பெரிய அறிஞர் ஒருவரை ஓர் ஆண்டு சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். பெயர் வேண்டாம். அவர் எழுந்ததும், "இதில் என்ன வழக்கு இருக்கிறது? பிறவிக் காந்தம்தான். உலகமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிங் என்று மணி அடித்தது! "ஐயா, உலகம் ஒப்புக்கொண்டதற்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டுமானாலும் போடுகிறேன். சாட்சி என்ன, அதைச் சொல்லுங்கள்" என்றார் அம்மையார். அறிஞர் என்னைவிடக் குறைவாகத்தான் சாட்சி வைத்திருந்தார். என் கட்சிக்காரர் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு முறை கூட்டம் போட்டோம். கடைக்காரர் ஒருவர் நேராகவே கேட்டார்: "வானத்துல கெடக்குற குள்ளனுக்குக் காந்தம் எங்கிருந்து வந்தா நமக்கென்னம்மா? இதுல நமக்கு என்ன பிரயோசனம்?" எனக்குக் கோபம் வந்தது. அம்மையார் சிரித்தார். "அதுதாண்ணே பிரயோசனம். இந்த வழக்குல நமக்கு லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. சாதி இல்ல, சொந்தம் இல்ல. ரெண்டு பக்கத்தையும் பொறுமையாக் கேட்டுப் பழகுறதுக்கு இதவிட நல்ல வழக்கு எங்க கெடைக்கும்? இதுல பழகிக்கிட்டா, நம்ம தெருச் சண்டையிலயும் அந்தப் பழக்கம் வந்துராதா?" என்றார்.

வந்ததா? வந்தது! நம் தலைவர் கருத்தக்கண்ணன் அவர்கள் அதற்குச் சாட்சி. அவருக்குப் பரவை பக்கம் சொந்தபந்தம் உண்டு. அங்கே அண்ணன் தம்பி இருவர், வண்டி போகும் பாதைக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். பஞ்சாயத்துக்கு இவரைக் கூப்பிட்டார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? "டேய், நீ ஒன் அண்ணனோட நியாயத்த அவன் சொல்ற மாதிரியே சொல்லு. நீ ஒன் தம்பியோடத சொல்லு. ஒழுங்காச் சொல்ற வரைக்கும் எவனும் வீட்டுக்குப் போகக்கூடாது" என்றாராம். பாதை என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அண்ணன் தம்பி இருவரும் அடுத்த சித்திரையில் ஒரே சைக்கிளில் பட்டிமன்றம் கேட்க வந்தார்கள். அதை என் கண்ணால் பார்த்தேன்.

பக்கம் மாறிப் பேசுவது! அது தலைவர் கண்டுபிடித்தது அல்ல. அது பாகீரதி அம்மையாரின் முறை. அவர் வகுப்பில் அதுதான் வழக்கம். ஒரு மாணவி ஒரு விளக்கத்தை நம்பினால், அதற்கு எதிர் விளக்கத்தைத்தான் எழுந்து சொல்ல வேண்டும். சாதிகா அப்படி வளர்ந்தவர்தான். பட்டிமன்றத்திலும் அதைக் கொண்டுவர அம்மையார் முயன்றார். ஒவ்வோர் ஆண்டும், பங்குனி பிறந்ததும், என் வீட்டுக்கு வருவார். விஜயம் கொடுக்கும் காப்பியைக் குடிப்பார். "சார், இந்த வருஷம் அந்தப் பக்கம் பேசுறீங்களா? சாதிகா மாறத் தயார்" என்பார். "என் பக்கம் சரியான பக்கம், நான் ஏன் மாற வேண்டும்?" என்பேன். "ஒரே பக்கத்தையே பேசிக்கிட்டிருந்தா, அதுல ஓட்ட எங்க இருக்குன்னு ஒங்க கண்ணுக்குத் தெரியவே தெரியாது சார்" என்பார். "ஓட்டை இருந்தால்தானே தெரியும்!" என்பேன். சிரித்துக்கொண்டே போய்விடுவார். அடுத்த பங்குனியில் மறுபடி வருவார்.

சென்ற வாரம் மருத்துவமனைக்குப் போனோம், சாதிகாவும் நானும். பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கேட்கிற ஆளா அவர்? முதலில் சாதிகாவிடம் புதிதாக ஏதும் சாட்சி வந்ததா என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த வருஷமாச்சும் பக்கம் மாறுவீங்களா சார்?" என்றார். "நீங்க மொதல்ல எழுந்து வாங்க. அப்பறம் பாப்போம்" என்றேன். உடனே சொன்னார்: "ஒத்திவைக்கிறது என் வேலை சார். ஒங்க வேலை இல்ல."

அவரிடமிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். வெளியே வராந்தாவில் சாதிகா அழுதார். நானும் அழுதேன்.

சரி. தீர்ப்புக்கு வருவோம். அம்மையார் தம் தீர்ப்பை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனாரா? என்னிடம் சொல்லவில்லை. சாதிகாவிடம் சொல்லவில்லை. இன்று மேடை ஏறுமுன் அம்மா ஸ்யாமளாவிடம் கேட்டேன். "வீட்டிலாவது ஒரு வார்த்தை சொன்னாரா?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நானும் கேட்டுப் பாத்துட்டேன் சார். 'நான் என்ன நெனைக்கிறேங்கிறது சாட்சி ஆகாதுடி, போய் வேலையப் பாரு'ன்னுட்டா அக்கா."

ஆக, அம்மையார் சார்பில் அறிவிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அறிவித்தால் அது என் தீர்ப்பாகத்தான் இருக்கும். என் நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! நடுவர் நாற்காலி காலி. மணி அடிக்க ஆள் இல்லை. மைக் என் கையில். 'பிறவிக் காந்தமே வென்றது' என்று நான் இப்போது சொன்னால் இந்த மண்டபம் கைதட்டும். நாளைக்குப் பூக்கடை வரைக்கும் செய்தி போய்விடும். இத்தனை ஆண்டு வழக்கில் நான் வென்றவன் ஆவேன். ஆசை இல்லையா? இருக்கிறது! இன்று காலையில் சுவரொட்டியைப் படித்ததும் முதலில் வந்தது கோபம் இல்லை, ஆசைதான். என் கட்சி வெல்லும் என்று இந்த நிமிடமும் நான் நம்புகிறேன். என்றாவது நல்ல சாட்சி வரும், அது என் பக்கம்தான் வரும்.

ஆனால் இன்று வந்திருக்கிறதா? வரவில்லை! துணியோடு கிழிந்து போன புள்ளிகள் எத்தனை என்று அம்மையார் அன்று கேட்டாரே, அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இருக்கிறதா? இல்லை! சாதிகாவின் கணக்கு முடிந்துவிட்டதா? அதுவும் இல்லை! ஒரு நடுவர் இறந்துவிட்டார் என்பது எந்தக் கட்சிக்காவது சாட்சி ஆகுமா? அவர் உயிரோடு இருந்தபோது சொல்லச் சம்மதிக்காத ஒன்றை, அவர் நாற்காலிக்கு மாலை போட்டு முடித்த கையோடு அவர் பெயரால் சொல்வது அவருக்கு மரியாதையா? பிச்சுமணி, தலையைக் குனிய வேண்டாம். நீங்கள் அன்பினால் செய்தீர்கள். ஆனால் அம்மையாருக்கு மனசு ஆறாமல் இருந்தது என்று யார் சொன்னது? தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் அவர். நாம்தான் தூங்காமல் தவித்தோம்.

யாரோ பின்னால் "அப்பத் தீர்ப்பு?" என்கிறீர்கள். கேட்கிறது. சொல்கிறேன்.

தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது!

கைதட்டுகிறீர்களே! முதல் ஆண்டில் இதே வார்த்தைக்குச் சத்தம் போட்ட ஊர் இது. இன்று கைதட்டுகிறது. பாகீரதி அம்மையார் இந்த ஊருக்கு என்ன செய்தார் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். இந்தக் கைதட்டல் போதும்.

பெருமக்களே, இந்தக் குளிர்காலத்தில் வால் நட்சத்திரம் வருகிறதாம். எல்லோரும் அதையே பேசுகிறார்கள். வரட்டும், பார்ப்போம். அது வந்தது போலவே போய்விடும். நம் வழக்கு போகாது. அடுத்த சித்திரையில், அழகர் மலைக்குத் திரும்பிய மறு சனிக்கிழமை, இதே மண்டபத்தில் பட்டிமன்றம் நடக்கும். நடுவர் நாற்காலிக்கு ஆளைத் தலைவர் அவர்கள் தேடட்டும். பெரிய பட்டம் வேண்டாம், பெரிய பெயர் வேண்டாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதவராக இருந்தால் போதும். அப்படி ஒருவரைத் தேடுவது கஷ்டம்தான். ஆனால் அம்மையார் வகுப்பில் படித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த மணியை அம்மா ஸ்யாமளா அந்த நடுவர் கையில் கொடுப்பார்.

இன்னும் ஒரே ஒரு வார்த்தை. பிச்சுமணி, காகிதத்தை எடுங்கள். அணிகளை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பிறவிக் காந்தம் அணிக்குப் பேராசிரியை சாதிகா. அவர் தயாராகத்தான் இருக்கிறார், எப்போதும் தயாராகத்தான் இருந்தார். இடையில் வந்த காந்தம் அணிக்கு...

என் பெயரை எழுதுங்கள்.

ஆமாம், சுப்பராமன்தான்! சரியாகத்தான் கேட்டீர்கள். அம்மையார் ஒவ்வொரு பங்குனியும் என் வீட்டுப் படியேறிக் கேட்டது இது ஒன்றுதான். அவர் இருக்கும்போது கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன். தோற்பதற்காகப் பேச மாட்டேன், சாதிகா! என் பக்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று எட்டு மாதம் உட்கார்ந்து தேடுவேன். கிடைத்தால் சபையில் விரித்துக் காட்டுவேன். எனக்கு இதில் என்ன வருத்தம் என்றால், நான் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்க அந்த நாற்காலியில் அவர் இருக்க மாட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விஜயத்தின் சேலையைத் துவைத்துத் தேய்த்துச் சாதிகாவிடம் கொடுத்துவிடுகிறேன். இனி அது அவருக்குத்தான் தேவைப்படும். எனக்கு வேண்டியது ஒரு சைக்கிள் டைனமோ. வெள்ளைத்துரை, உங்களிடம் பழையது ஏதும் இருந்தால் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவேன். ஸ்டவ்வில் வைத்துச் சுட மாட்டேன்.